காற்றில் போகும் உரம்

நீலகிரியின் சேரம்பாடியைச் சுற்றியுள்ள சரிவுகளில் நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு ஹெக்டேர் தேயிலை, ஆண்டுக்கு 2500 கிலோ தூள் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூளின் எடையில் சுமார் 4 சதவீதம் நைட்ரஜன். அப்படியானால் கொழுந்துக் கூடையில் ஏறி ஆண்டுக்கு 100 கிலோ நைட்ரஜன் அந்த நிலத்தை விட்டுப் போகிறது. கவாத்து செய்த கிளைகள் செடியடியிலேயே கிடந்து மட்கும். அதில் கொஞ்சம் மண்ணுக்குத் திரும்பும். கொழுந்தோடு போனதோ போனதுதான். ஆலைக்குப் போய், குன்னூரிலோ கொச்சியிலோ ஏலம் போய், எங்கோ ஒரு டீக்கடையில் வடிகட்டிய சக்கையாகக் குப்பையில் விழுகிறது. அந்த 100 கிலோவை ஒவ்வோர் ஆண்டும் மூட்டையாகக் கட்டி மலையேற்ற வேண்டியிருக்கிறது.

மூட்டையில் இருப்பது யூரியாவாக இருக்கலாம், அம்மோனியம் சல்பேட்டாக இருக்கலாம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அம்மோனியம் சல்பேட்டில் ஏறத்தாழ 21 சதவீதம். இரண்டாவதை எடுத்துக்கொண்டால் ஹெக்டேருக்கு 50 கிலோ மூட்டைகள் பத்து வேண்டும். இது கொழுந்தில் போனதை ஈடுசெய்ய மட்டும். தேவாலாவும் பந்தலூரும் தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் வட்டாரங்களைச் சேர்ந்தவை; தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது வைத்த உரத்தில் ஒரு பங்கு ஓடையோடு கேரளப் பக்கம் போய்விடும். அதையும் கணக்கில் சேர்த்தால் மூட்டைகள் கூடும்.

ஆனால் அதே சேரம்பாடியில், தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பின்னாலுள்ள மாட்டுக்கொட்டிலுக்குள் விடியற்காலையில் நுழைந்தால் மூக்கில் ஏறுகிற காரவாடையும் நைட்ரஜன்தான். மாடு இராத்திரி பெய்த மூத்திரத்திலுள்ள யூரியா, சாணியிலுள்ள நுண்ணுயிர்களின் யூரியேஸ் நொதியால் உடைந்து அம்மோனியா வாயுவாகக் கிளம்புகிறது. மலைமேல் ஒரு பக்கம் காசு கொடுத்து நைட்ரஜனை ஏற்றுகிறோம். மறுபக்கம் அது கொட்டிலிலிருந்தும் கழிவறைத் தொட்டியிலிருந்தும் கோழிப்பண்ணையிலிருந்தும் காற்றோடும் நீரோடும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. வெளியேறுவதைப் பிடித்து மீண்டும் உரமாக்க முடியுமா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. முடியும் என்பது மட்டுமல்ல, உலகில் வேறெந்தப் பயிரைவிடவும் தேயிலைக்கு அது பொருந்தும் என்று நான் நம்புகிறேன். ஏன் என்பதற்குச் செடியின் வேரிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரும்பாலான பயிர்கள் நைட்ரஜனை நைட்ரேட் வடிவில் எளிதாக எடுத்துக்கொள்கின்றன. தேயிலை வேறு சாதி. அது அமில மண்ணின் செடி. கார அமில நிலை 4.5-க்கும் 5.5-க்கும் இடைப்பட்ட மண்ணில் செழிக்கிறது. அத்தகைய மண்ணில் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாகவே வேலை செய்யும். ஆகவே நைட்ரேட்டைக் காட்டிலும் அம்மோனியத்தை விரும்பி உறிஞ்சும் பழக்கம் அதன் வேரில் ஊறியிருக்கிறது. உறிஞ்சிய அம்மோனியத்தை அது வேரிலேயே தியானின் என்ற அமினோ அமிலமாகக் கட்டி, தண்டு வழியாகத் துளிர்களுக்கு அனுப்புகிறது. 1949-இல் ஜப்பானில் தேயிலையிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட பொருள் இது. நல்ல தேநீரை விழுங்கிய பிறகு நாக்கில் தங்கும் மென்சுவைக்கு அதுவும் ஒரு காரணம். அம்மோனியம் சல்பேட் மண்ணை மேலும் அமிலமாக்கும் என்பதால் மற்ற விவசாயிகள் அதைத் தயங்கித்தான் கையாள்வார்கள். தேயிலையோ ஓர் எல்லைவரை அதைத் தாங்கும். கழிவிலிருந்து அம்மோனியாவைப் பிடிக்கும் தொழில்நுட்பங்கள் பெரும்பாலானவற்றின் முடிவில் கைக்குக் கிடைப்பதும் இதே அம்மோனியம் சல்பேட்தான்.

இந்தப் பொருத்தம் தற்செயலானதும் அல்ல, புதியதும் அல்ல. அம்மோனியம் சல்பேட் பிறந்ததே கழிவிலிருந்து. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நகரங்களின் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு எடுத்த அந்த வாயுவைத் தண்ணீரில் கழுவியபோது அம்மோனியா கலந்த நாற்ற நீர் மிஞ்சியது. முதலில் அது தொல்லையாக இருந்தது. பின்பு அதில் கந்தக அமிலம் சேர்த்து உப்பாக்கி வயலுக்கு விற்றார்கள். பாரிசில் இன்னும் நேரடியாக: வீட்டுக் கழிவுத்தொட்டிகளிலிருந்து வண்டியில் அள்ளிய திரவத்தை நகருக்கு வெளியே போந்தி போன்ற இடங்களில் காய்ச்சி அம்மோனியம் சல்பேட் எடுத்தார்கள். நம் நாட்டில் அதற்கு முன்பே இதன் உறவினரான நவச்சாரத்தை, இன்றைய ஹரியானாவின் கர்னால் பகுதிக் குயவர்கள் செங்கல் சூளைகளிலிருந்து எடுத்துவந்தார்கள். ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையின் கற்கரி உலைகளும் பிறகு அம்மோனியம் சல்பேட் தந்தன.

1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனை நேரடியாக அம்மோனியாவாக்கிக் காட்டினார். 1913-இல் கார்ல் போஷின் முயற்சியில் ஜெர்மனியின் ஓப்பாவில் அது தொழிற்சாலையாயிற்று. அதன்பின் கழிவைத் தேடிப் போக யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. சேரம்பாடிக்கு நெருக்கமான கதை கேரளத்தின் ஏலூரில் நடந்தது. ஃபாக்ட் என்று எல்லோரும் அழைக்கும் திருவிதாங்கூர் உர, ரசாயன நிறுவனம் 1947-இல் அங்கே அம்மோனியம் சல்பேட் உற்பத்தியைத் தொடங்கியபோது, அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனை விறகைச் சுட்டு எடுத்த வாயுவிலிருந்து பெற்றார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையின் மரம் எரிந்து மலைப்பயிருக்கும் நெல்லுக்கும் உரமான காலம் அது. இன்று விறகின் இடத்தில் இயற்கை எரிவாயு இருக்கிறது. இந்தியாவுக்கு அதில் பெரும்பங்கு கப்பலில் திரவமாக வந்திறங்குகிறது. உலகம் செலவழிக்கும் மொத்த ஆற்றலில் ஒன்றிரண்டு சதவீதம் அம்மோனியா தயாரிக்கவே போகிறது.

இனி கழிவிலிருந்து அதை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். அடிப்படை வேதியியல் ஒற்றை வரியில் அடங்கும். நீரில் அம்மோனியா இரண்டு உருவங்களில் இருக்கிறது: மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் அயனி, மின்னூட்டமற்ற அம்மோனியா வாயு. அயனி நீரை விட்டு வெளியே வராது, வாயு வரும். இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதைக் கார அமில நிலையும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரி செல்சியசில், கார அமில நிலை 7 உள்ள நீரில் நூற்றுக்கு ஒன்றுகூட வாயுவாக இருக்காது. 9.25-இல் சரிபாதி. 11-இல் ஏறக்குறைய எல்லாமே வாயு. நீரைச் சூடாக்கினால் இந்தத் தராசு வாயுப் பக்கம் சாயும்: 60 டிகிரியில், கார அமில நிலை வெறும் 8 என்றாலே மூன்றில் ஒரு பங்கு வாயுவாகிவிடும். ஆக, கரைசலைக் காரமாக்கு அல்லது சூடாக்கு. காற்றை ஊதி அம்மோனியாவை வெளியேற்று. அந்தக் காற்றைக் கந்தக அமிலத்தின் வழியே செலுத்து. வாயு மறுபடியும் அயனியாகி அமிலத்தில் சிக்கிக்கொள்ளும். அது அம்மோனியம் சல்பேட். நார்வேயில் ஆஸ்லோவின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வியாஸ் நிலையம் அம்மோனியாவை இதே வழியில் பிரித்து, நைட்ரிக் அமிலத்தில் பிடித்து அம்மோனியம் நைட்ரேட் உரமாக்கியிருக்கிறது.

சாண எரிவாயுக் கலன் இருந்தால் இந்த வேலையில் பாதி முடிந்துவிட்டது என்று சொல்வேன். கோபர் கேஸ் கலன்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடுப்பெரியும் வாயுவையே பேசுகிறார்கள். வெளியே வரும் கரைசலை யாரும் பொருட்படுத்துவதில்லை. கலனுக்குள் காற்றில்லாத சூழலில் பாக்டீரியாக்கள் புரதங்களை உடைக்கும்போது கார்பன் மீத்தேனாக வெளியேறும். நைட்ரஜன் போக வழியில்லாமல் அம்மோனியமாகக் கரைசலிலேயே தங்கும். கரைசலின் மொத்த நைட்ரஜனில் பாதிக்கும் மேல் அந்த வடிவிலேயே இருக்கும். அதன் கார அமில நிலையும் 8-ஐ ஒட்டியிருக்கும். இவ்வளவு தயாரான பொருளைத் திறந்த குழியில் வெயிலில் விட்டால் அம்மோனியா தானாகவே பறந்துவிடுகிறது. பறந்தது சும்மாவும் இருப்பதில்லை; காற்றிலுள்ள அமில வாயுக்களோடு சேர்ந்து நுரையீரலில் இறங்கும் நுண்துகளாகிறது, அல்லது மழையில் கரைந்து காட்டு மண்ணில் இறங்கி, அங்கே குறைந்த நைட்ரஜனுக்குப் பழகிய செடிகளின் சமநிலையைக் குலைக்கிறது. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் விளிம்பில் இருக்கும் ஊருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

கோபுரம் கட்டி, ஊதி வைத்து, பம்பு ஓட்டி அம்மோனியா பிரிப்பதெல்லாம் நகரத்துக் கழிவுநீர் நிலையத்துக்குச் சரி; ஒரு தோட்டத்துக்கு எப்படி? இங்கேதான் அமெரிக்க வேளாண் ஆராய்ச்சித் துறையின் தென் கரோலினா, ஃபுளோரன்ஸ் ஆய்வகத்தில் மத்தியாஸ் வனோட்டியும் ஏரியல் சோகியும் செய்த வேலை முக்கியமாகிறது. வாயு நுழையும், நீர் நுழையாது என்ற தன்மையுள்ள டெஃப்ளான் வகைக் குழாயைப் பன்றிக் கழிவுக் கரைசலுக்குள் அமிழ்த்தினார்கள். குழாயின் உள்ளே நீர்த்த அமிலம் சுற்றி ஓடும். கரைசலில் உள்ள அம்மோனியா குழாயின் நுண்துளைகள் வழியே உள்ளே நுழைந்து அமிலத்தில் மாட்டிக்கொள்ளும். கரைசலில் லேசாகக் காற்றைக் குமிழியிட்டால் கரியமில வாயு வெளியேறிக் காரத்தன்மை தானே ஏறும், சுண்ணாம்புகூட வேண்டாம். ஆய்வகச் சோதனைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அம்மோனியாவை இப்படி மீட்டிருக்கிறார்கள். கோபுரம் கிடையாது, உயர் வெப்பம் கிடையாது. சிறிய தொட்டிக்கும் பொருந்தும்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது ஒரு பண்பு: குழாயின் சுவரைத் தாண்டுவது வாயு மட்டுமே. கிருமியும் மருந்து எச்சமும் கன உலோகமும் உப்பும் பின்தங்கிவிடுகின்றன. ஏற்றுமதித் தேயிலையில் எச்சம் இருக்கிறதா என்று வாங்குபவர்கள் துருவிப் பார்க்கும் காலத்தில், கழிவை நேராகச் செடிக்கு ஊற்றுவதற்கும், கழிவிலிருந்து தெளிந்த உப்பாகப் பிரிந்துவந்ததை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மனிதக் கழிவைப் பற்றிப் பேசும்போது இந்தப் பண்பு இன்னும் பெரிதாகிறது. வளர்ந்த ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கிலோ நைட்ரஜன் கழிக்கிறார். அதில் பெரும்பங்கு மூத்திரத்தில். ஒரு ஹெக்டேர் தேயிலை இழக்கும் 100 கிலோ என்பது 25 முதல் 30 பேர் கழிப்பது. சேமித்து வைத்த மூத்திரம் சில நாட்களில் தானே உடைந்து கார அமில நிலை 9-ஐத் தொட்டுவிடும். அதாவது அம்மோனியா பிரிப்பதற்கு இயற்கையே தயார்செய்து தருகிறது. தமிழ்நாட்டில் இதை வீதிக்குக் கொண்டுவந்த முன்னோடி முசிறி. ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம், மராச்சி சுப்புராமனின் தலைமையில், 2006-இல் அங்கே மூத்திரத்தையும் மலத்தையும் தனித்தனியே சேர்க்கும் சமுதாயக் கழிப்பறையைத் திறந்தது. பயன்படுத்துபவர்களுக்கு அங்கே ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். கழிப்பறைக்குக் காசு வாங்கும் நாட்டில், நீ தருவது மதிப்புள்ள பொருள் என்று காசு கொடுத்துச் சொன்ன இடம் அது. சேர்ந்த மூத்திரம் வாழை போன்ற பயிர்களில் சோதிக்கப்பட்டது.

ஆயினும் ஒன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் மனிதக் கழிவை அள்ளும் வேலை குறிப்பிட்ட சாதியினர் தலையில் கட்டப்பட்டு வந்திருக்கிறது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் தொட்டிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் இருக்கிறார்கள். கழிவிலிருந்து உரம் என்று அழகாகப் பேசிவிட்டு, வாளியைத் தூக்க அதே மனிதர்களைக் கூப்பிடும் எந்தத் திட்டமும் எனக்கு ஏற்புடையதல்ல. குழாயில் தொடங்கிக் குழாயிலேயே முடிந்து, கடைசியில் உப்பு மட்டும் மனிதக் கைக்கு வரும் முறையாக இருந்தால்தான் அது தோட்டத்துக்குள் நுழையலாம்.

சேரம்பாடி போன்ற இடத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க, தமிழ்நாடு அரசு 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976-இல் அது டேன்டீ என்னும் கழகமாயிற்று. சேரம்பாடியிலும் அதன் பிரிவு உண்டு. அந்த லயன்களில் பலருக்குக் கடலுக்கு அப்பால் இன்னும் உறவுகள் இருக்கின்றன. அந்த உறவினர்கள் 2021-இல் ஒரு சோதனைக்கு ஆளானார்கள். இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தி, நாடு முழுவதையும் இயற்கை விவசாயத்துக்கு மாறச் சொன்னது. சில மாதங்களில் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் செடி மெலிந்துவிட்டது. 2021-இல் 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த அந்நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022-இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. உரவிலையும் எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன. கொழுந்து குறைந்தால் பறிப்பவருக்கு நாட்சம்பளம் குறையும். அடி அங்கேதான் விழுந்தது.

இந்த நிகழ்ச்சியை வைத்து இயற்கை உரம் தோற்றது என்று ஒரு தரப்பும், சரியாகச் செய்யவில்லை என்று மறுதரப்பும் வாதிட்டன. வேரின் கண்ணில் கேள்வி வேறு: அம்மோனியம் அயனி வந்ததா, எவ்வளவு வந்தது? மட்கிய எருவில் நைட்ரஜன் ஒன்றிரண்டு சதவீதம். 100 கிலோவுக்கு 5 முதல் 10 டன் எருவைச் செங்குத்தான சரிவில் தலைச்சுமையாக ஏற்ற வேண்டும். அதையே அம்மோனியம் சல்பேட்டாகப் பிரித்துவிட்டால் அரை டன். எருவின் கார்பன் மண்ணுக்கு அவசியம், அதை மறுக்கவில்லை. ஆனால் நைட்ரஜனைத் தனியே செறிவாக்கும் வழி இருந்திருந்தால், தடைக்கும் இறக்குமதிக்கும் நடுவே அந்த நாட்டுக்கு மூன்றாவது பாதை ஒன்று கிடைத்திருக்கும்.

ஏன் எங்கும் இது பரவவில்லை? விலை. இந்தியாவில் 45 கிலோ யூரியா மூட்டையை விவசாயிக்கு, வேம்புப் பூச்சுச் செலவும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய்க்கு அரசு கொடுக்கிறது. மூட்டையில் 20 கிலோவுக்குச் சற்று மேல் நைட்ரஜன். கிலோ 12 ரூபாய்க்குள் அடங்குகிறது. உண்மைச் செலவு அதைப்போலப் பல மடங்கு. மீதியை மானியம் சுமக்கிறது. கழிவிலிருந்து ஒரு கிலோ நைட்ரஜனை அம்மோனியம் சல்பேட்டாகப் பிடிக்க மூன்றரைக் கிலோ கந்தக அமிலம் தேவை. அமிலத்தின் விலையே அந்த 12 ரூபாயைத் தின்றுவிடக்கூடும். எரிவாயு விலை உலகச் சந்தையில் ஏறும்போது அரசு கூடுதல் மானியம் தருகிறது. கழிவிலிருந்து மீட்டவருக்கு அதில் பங்கில்லை. கழிவிலிருந்து பிடித்த நைட்ரஜனுக்கும், கப்பலில் வந்த வாயுவில் செய்த நைட்ரஜனுக்கும் ஒரே ஆதரவு கொடுத்தால் இந்தக் கணக்கு மாறும். அதைக் கொடுக்காதது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

அமிலச் செலவையும், மலைப்பாதையில் அமிலம் ஏற்றும் ஆபத்தையும் தவிர்க்க ஒரு பழைய வழி உண்டு: ஜிப்சம். அம்மோனியாவும் கரியமில வாயுவும் ஜிப்சக் கரைசலில் சந்தித்தால் அம்மோனியம் சல்பேட்டும் சுண்ணக்கல் தூளும் பிரியும். ஜெர்மனியின் மெர்ஸெபர்க் நகரப் பெயரால் வழங்கும் இந்த முறையில்தான் நம் சிந்திரி உர ஆலை 1951-இல் ராஜஸ்தான் ஜிப்சத்தைக் கொண்டு இயங்கத் தொடங்கியது. இப்போது அதே ஜெர்மனியில், ஓட்டர்ஸ்பெர்க் அருகே பெனாஸ் என்ற உயிரிவாயு நிலையம் மக்காச்சோளத் தட்டையோடு கோழி எருவையும் செரிமானக் கலனில் இடுகிறது. எஞ்சினின் கழிவு வெப்பத்தால் கரைசலைச் சூடாக்கி, வெளிவரும் அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்தே ஜிப்சத்தில் பிடிக்கிறது. அமிலமும் வேண்டாம், காரமும் வேண்டாம். இன்னொரு பலனும் கூடவே வருகிறது. கோழி எச்சத்தில் நைட்ரஜன் மிகுதி என்பதால் அம்மோனியா தேங்கிக் கலனின் பாக்டீரியாக்களையே முடக்கும். அதை எடுத்துவிட்டால் வாயு உற்பத்தி சீராகிறது.

கோழி எரு என்றதும் நமக்கு நாமக்கல் நினைவுக்கு வரும். அங்கே புதுச்சத்திரத்தில் கோழி எருவைக் கொண்டு மின்சாரமும் அழுத்தப்பட்ட உயிரிவாயுவும் எடுக்கும் ஆலைகள் ஏற்கெனவே உருவாகியிருக்கின்றன. ஜிப்சத்துக்கும் பஞ்சமில்லை. பாஸ்பேட் உரம் செய்யும்போது மிஞ்சும் பாஸ்போ ஜிப்சம் தூத்துக்குடியிலும் கொச்சி அம்பலமேட்டிலும் மலையாகக் குவிந்திருக்கிறது. அதிலுள்ள மாசுகளைப் பரிசோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஒரு கிலோ நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 6 கிலோ ஜிப்சம். ஆகவே பெரிய ஆலையைச் சேரம்பாடியில் கட்டுவதில் பொருளில்லை. கழிவும் ஜிப்சமும் திரளும் சமவெளியில் கட்டி, உப்பை மட்டும் மலைக்கு அனுப்பலாம். சேரம்பாடியிலேயே செய்ய வேண்டியது கொட்டில், லயன் கழிவறைகளின் அளவுக்கான குழாய்த் தொட்டி.

ஜிப்ச முறையில் நைட்ரஜன் கிலோவுக்குச் சுமார் மூன்றரைக் கிலோ சுண்ணக்கல் தூளும் மிஞ்சும். வேறு பயிராக இருந்தால் அதை எங்கே கொட்டுவது என்று யோசிக்க வேண்டும். தேயிலையிலோ அதற்கும் இடமுண்டு: அம்மோனியம் உரம் ஆண்டுக்கணக்கில் விழுந்து தேயிலை மண்ணின் அமிலத்தன்மை எல்லை மீறும்போது, கவாத்துச் சுற்றையொட்டி டோலமைட் போடுவது தோட்டங்களின் வழக்கம். தூய்மை சரிபார்த்த சுண்ணக்கல் தூளை அந்தச் சுற்றில், மக்னீசியம் போதுமான நிலங்களில், டோலமைட்டுக்குப் பதிலாகப் போட்டுப் பார்க்கலாம்.